தேநீரில் சீனியைக் குறைப்போம்

விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்படுமுன் ஒரு கோப்பைத் தேநீர் அருந்துவது தோட்டப் பாட்டாளிகளின் நெடுநாள் வழக்கம். அவ்வழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால், அத்தேநீரில் எவ்வளவு சீனி சேர்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும்.

ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டிச் சீனி என்றால் ஏறத்தாழ 10 கிராம் ஆகும். நாளொன்றுக்கு நான்கு கோப்பை அருந்துவோர் தேநீரிலேயே 40 கிராம் சீனியை உட்கொள்கின்றனர். மாதக் கணக்கில் அது ஒரு கிலோவுக்கும் அதிகம். கெட்டிப்பால் கலந்தாலோ இன்னும் கூடும். அப்பாலில் ஏறத்தாழப் பாதி சர்க்கரையே. உணவில் சேர்க்கும் சர்க்கரையைப் பெரியவர்கள் நாளொன்றுக்கு 50 கிராமுக்குள் நிறுத்த வேண்டும். 25 கிராமுக்குள் குறைத்தால் மேலும் நன்று. இஃது உலகச் சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரையாகும்.

மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடைபெற்ற தேசியச் சுகாதார ஆய்வில், பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் நோய் காணப்பட்டது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடாக இருந்தது. சீனி ஒன்றே இந்நோய்க்குக் காரணமன்று. எனினும், மிகுதியான சீனி உடற்பருமனைக் கூட்டி நோய்க்கு வழி வகுக்கிறது. நோய் முற்றினால் பாதங்களில் உணர்ச்சி குன்றும். நிரையில் நடக்கையில் முள் தைத்தாலும் தெரியாது. புண் எளிதில் ஆறாது. காலையே இழக்கவும் நேரலாம். கையும் காலுமே பால்மரத் தொழிலாளியின் முதல் அன்றோ?

சீனியைப் படிப்படியாகக் குறைப்பதே எளிய வழி. முதலில் அரைத் தேக்கரண்டியைக் குறையுங்கள். நாக்கு பழகியதும் மேலும் அரைத் தேக்கரண்டியைக் குறையுங்கள். இஞ்சியோ ஏலக்காயோ தட்டிப் போட்டால் தேநீர் மணக்கும். சீனிக்கு மாற்றாகத் தேனையும் வெல்லத்தையும் தாராளமாகச் சேர்ப்பதில் பயனில்லை, அவையும் சர்க்கரையே. வெளிக்காட்டில் தாகம் எடுத்தால் இனிப்புப் பானத்தை நாடாமல் காய்ச்சி ஆறிய நீரை அருந்துங்கள்.

ஓர் எச்சரிக்கை: இனிப்புநீர் நோய்க்கு மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் அதனை நிறுத்தலாகாது, பசியாறாமல் வேலைக்குச் செல்வதும் ஆகாது. அவர்களுக்குத் திடீரென நடுக்கமும் வியர்வையும் தலைச்சுற்றலும் கண்டால், சீனி கலந்த நீரை உடனே அருந்திவிட்டு மருத்துவ உதவியை நாட வேண்டும்.

பெற்றோர் கலக்கிக் கொடுக்கும் தேநீரின் சுவைக்கே பிள்ளைகளின் நாக்கும் பழகுகிறது. இன்று நாம் குறைக்கும் அரைத் தேக்கரண்டி, நாளை அவர்களுக்கும் நன்மை பயக்கும்.