தின்னனூரில் முதல் சனி, ஞாயிறு

திருநின்றவூருக்குப் புதிதாகக் குடிவருபவர்கள், சாமான்களைப் பிரித்து அடுக்கிய கையோடு முதல் ஞாயிற்றுக்கிழமை தி.நகருக்கோ மெரினாவுக்கோ கிளம்பிவிடுகிறார்கள். சென்னைப் பக்கம் வந்தாயிற்று, சென்னையைப் பார்க்க வேண்டாமா என்ற ஆசை. சென்னை எங்கும் ஓடிவிடாது. திங்கட்கிழமை முதல் விடிந்தால் ரயில், இருட்டினால் ரயில் என்று ஆகிவிடும். குடியிருக்கும் ஊரைப் பகலில் பார்க்க வாய்ப்பே அமையாது. அந்த முதல் சனி, ஞாயிறு இரண்டு நாளையும் ஊருக்குள்ளேயே செலவிடுங்கள் என்பதுதான் என் கட்சி.

பழைய ஆட்களின் வாயில் இந்த ஊர் தின்னனூர். ஷேர் ஆட்டோக்காரர் அப்படிக் கூவினால் வேறு ஊர் என்று விட்டுவிடாதீர்கள்.

சனிக்கிழமை முதல் வேலை ஸ்டேஷன். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியதே தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அந்தத் தடத்தில்தான் நீங்கள் தினமும் போகப்போகிறீர்கள். சென்ட்ரலிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். போவதில் குழப்பமில்லை. திரும்பி வருவதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். சென்ட்ரலை ஒட்டி லோக்கல் வண்டிகள் கிளம்பும் மூர் மார்க்கெட் வளாகத்தில் நிற்கும் வண்டியெல்லாம் இங்கே வராது. ஆவடி லோக்கல் ஆவடியோடு நின்றுவிடும். ‘பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்’ என்று பலகை போட்ட வண்டி இன்னும் மோசம்: பட்டாபிராம் நமக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னால்தானே என்று நம்பி ஏறினால், ஆவடியைத் தாண்டிக் கிளைப்பாதையில் திரும்பிவிடும். திருவள்ளூர், அரக்கோணம், திருத்தணி என்ற பெயர்களைப் பார்த்து ஏறுங்கள். தவறி ஏறிவிட்டால் ஆவடியில் இறங்கி அடுத்த வண்டிக்குக் காத்திருப்பதே உத்தமம். ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு. அதனால் அன்று பார்த்த நேரத்தை வைத்துத் திங்கட்கிழமைக் கணக்குப் போடாதீர்கள்.

பால், தண்ணீர் கேன், கேஸ் இதற்கெல்லாம் தெருமுனை மளிகைக் கடைக்காரரைக் கேட்டால் போதும். அரசாங்க விஷயம் கொஞ்சம் சுற்றல். மாவட்டம் திருவள்ளூர், தாலுகா ஆவடி, காவல் துறையில் ஆவடி கமிஷனரேட். பேரூராட்சியாக இருந்த ஊர் 2021-ல் நகராட்சியானது. ஆவடி மாநகராட்சியோடு சேர்க்கும் பேச்சும் அடிபடுகிறது. சென்னை மாநகராட்சிக்கு இங்கே வேலையில்லை.

ஞாயிறு காலை கோயில்களுக்கு. மதியம் நடை சாத்திவிடுவார்கள், சீக்கிரம் கிளம்புங்கள். பக்தவத்சலப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ஆனால் இந்த ஊருக்கென்று தனிப் பதிகம் கிடையாது. இவ்வழியே போன திருமங்கையாழ்வார் பாடாமலே போய்விட்டாராம். ஒரு பாட்டாவது வாங்கி வாருங்கள் என்று தாயார் பெருமாளை அனுப்பினாராம். அதற்குள் ஆழ்வார் மாமல்லபுரம் போய்ச் சேர்ந்திருக்க, கடல்மல்லைப் பாசுரத்திலேயே நின்றவூரையும் சேர்த்துப் பாடினார். ஒன்றுதானா என்று தாயார் மறுபடி அனுப்ப, திருக்கண்ணமங்கையில் இன்னொன்று கிடைத்தது என்பது தலபுராணம். கேட்டு வாங்கிக்கொடுத்த அந்தத் தாயாரின் பெயர் ‘என்னைப் பெற்ற தாயார்’.

அடுத்தது இருதயாலீஸ்வரர் கோயில். அறுபத்து மூவரில் ஒருவரான பூசலார் இந்த ஊர்க்காரர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை. மனத்துக்குள்ளேயே பொருள் சேர்த்து, அடித்தளமிட்டு, விமானம் எழுப்பி, குளமும் வெட்டி, குடமுழுக்குக்கு நாளும் குறித்துவிட்டார். அதே நாளில்தான் காஞ்சியில் பல்லவ அரசன் காடவர்கோன் தன் கற்றளிக்கும் நாள் குறித்திருந்தான். நாளை நின்றவூர்ப் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்று சிவன் கனவில் சொல்ல, அரசனே இங்கே வந்து விசாரித்தான். அப்படியொரு கோயில் இங்கே இல்லையே என்றார்கள் ஊரார். புது ஊரில் வழி கேட்டு விழித்தவர்களில் நமக்கு முன்னோடி அவன்தான். பூசலார் கதையைப் பெரியபுராணத்தில் எழுதிய சேக்கிழாருக்கும் சொந்த ஊர் தொலைவில் இல்லை, குன்றத்தூர்தான்.

இன்றுள்ள கோயிலின் கருவறையில் லிங்கத்தோடு பூசலாரும் இருக்கிறார். இதய நோய் உள்ளவர்கள் வேண்டிக்கொண்டு வருகிறார்கள். காடவர்கோனை ராஜசிம்மப் பல்லவன் என்றும், அவன் கட்டியது காஞ்சி கைலாசநாதர் கோயில் என்றும் கொள்வார்கள். அது எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தது. அடுத்த வாரம் அரக்கோணத்தில் வண்டி மாறிப் போய்ப் பார்க்கலாம்.

பைக் இருந்தால் நெமிலிச்சேரி வரை ஒரு நடை. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை போகும் வெளிவட்டச் சாலை அங்கே குறுக்கிடுகிறது. தென்மாவட்டத்துக்காரர்கள் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்குப் போக, நகருக்குள் நுழையாமல் இதுவே வழி.

கடைசியாக ஏரி. அழகாகத்தான் இருக்கும், சாயங்காலம் காற்று வாங்கலாம். ஆனால் நீங்கள் போக வேண்டியது அதற்காக மட்டுமல்ல. 2021 நவம்பர் மழையில் ஏரியை ஒட்டிய நகர்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கரை எது, மதகு எங்கே, நிரம்பினால் உபரி நீர் எந்தக் கால்வாய் வழியாக வெளியேறும், அந்தக் கால்வாய் உங்கள் தெருவுக்கு எவ்வளவு பக்கம் என்று பாருங்கள். திரும்பும்போது சுற்றுச்சுவர்களில் பழைய தண்ணீர்க் கறை கோடாகத் தெரிகிறதா, தெருவைவிட வீட்டுத்தளம் உயரமா என்றும் கவனியுங்கள். வீட்டுக்காரரைக் கேட்டுப் பயனில்லை. “நம்ம தெருவுல தண்ணியே நிக்காதுங்க” என்பார். எல்லா வீட்டுக்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள். இஸ்திரி வண்டிக்காரரையோ டீக்கடைக்காரரையோ கேளுங்கள், முழங்கால் வரையா இடுப்பு வரையா என்று சரியாகச் சொல்வார்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். இன்வெர்ட்டரை எந்த உயரத்தில் மாட்டுவது, வண்டியை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்பதை அதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.