வெப்பம் தாங்கும் பூச்சு

பெங்களூருவில் அல்சூரை அடுத்து அமைந்துள்ளது மர்பி டவுன். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்துவரும் பகுதி அது. அங்குள்ள பல வீடுகளில் வேலைக்குச் செல்லவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் மோட்டார் சைக்கிளே துணை. வண்டியின் பெட்ரோல் தொட்டி புதிதுபோல் மின்ன, புகைக்குழாய் மட்டும் துருவேறி நிற்பதைத் தெருவில் காணலாம். அத்துருவை மறைக்க, சன்னல் கம்பிக்குப் பூசியதில் மிஞ்சிய எனாமலை எடுத்துப் பூசிவிடுவோரும் உண்டு. சில நாள்களிலேயே அது கொப்புளித்து, கருகி, உதிர்ந்துவிடுகிறது. துருவோ முன்பைவிட வேகமாகப் பரவுகிறது. இதற்குக் காரணம் என்ன? குழாய்க்கு ஏற்ற பூச்சை எவ்வாறு தேர்ந்தெடுப்பது?

எங்கே எவ்வளவு வெப்பம்?

எஞ்சினில் பெட்ரோல் எரிந்ததும் வெளிப்படும் வாயு, மிகுந்த வெப்பத்துடன் குழாய்க்குள் பாய்கிறது. எஞ்சினை ஒட்டிய வளைவில் குழாயின் புறப்பரப்பு 300 பாகை செல்சியசைக் கடக்கக்கூடும். மேட்டில் ஏறும்போதும் சுமையோடு நெடுந்தொலைவு ஓடும்போதும் அது மேலும் உயரும். பின்முனையை நோக்கிச் செல்லச் செல்ல வெப்பம் குறைகிறது. ஆகவே ஒரே குழாயின் இரு முனைகளும் ஒரே அளவு வெப்பத்தைத் தாங்குவதில்லை. பூச்சைத் தேர்ந்தெடுப்போர் முதலில் அறிய வேண்டியது இதுவே.

வெப்பத்துடன் நீரும் சேர்ந்துகொள்கிறது. காய்ந்து கொதிக்கும் குழாயின்மீது திடீரென மழை விழும்போது உலோகம் விரைந்து சுருங்குகிறது. பூச்சும் அதனுடன் சேர்ந்து சுருங்க வேண்டும், இல்லையேல் வெடித்துவிடும். அவ்வெடிப்பின் வழியே நீர் புகுந்து துருவைத் தொடங்கிவைக்கும்.

பூச்சின் வகைகள்

சாதாரண எனாமலைப் பிணைத்து வைப்பது கரிமப் பொருளாலான பிசின். மிகுந்த வெப்பத்தில் அப்பிசின் கருகிவிடுகிறது. கறுப்பு நிறத்திற்காகச் சேர்க்கப்படும் புகைக்கரியும் கடும் வெப்பத்தில் எரிந்துபோகும். சன்னல் கம்பிக்குப் பல ஆண்டுகள் காவலாக இருக்கும் எனாமல், புகைக்குழாயில் ஒரு வாரம்கூட நிலைக்காமல் போவது இதனால்தான்.

வெப்பம் தாங்கும் பூச்சில் சிலிக்கோன் பிசின் பயன்படுகிறது. இதன் முதுகெலும்பு சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலியாகும். ஆற்றுமணலில் இருப்பவையும் இவ்விரு தனிமங்களே. அவற்றின் பிணைப்பு வலிமையானது, எளிதில் அறுபடாது. இப்பிசினுடன் அலுமினியச் செதில்களைக் கலப்பர். கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவதுபோல, அச்செதில்கள் படிந்து நீரைத் தடுக்கின்றன. வெள்ளி நிறத்தில் விற்கப்படும் இப்பூச்சு பொதுவாக 600 பாகை வரை தாங்கும் எனக் குறிக்கப்படுகிறது. கறுப்பு நிறம் வேண்டுவோர்க்குப் புகைக்கரிக்கு மாற்றாக இரும்பு, மாங்கனீசு ஆகியவற்றின் ஆக்சைடுகள் சேர்க்கப்படுகின்றன.

மூன்றாவது வகை பீங்கான் பூச்சு. இது மேலும் உயர்ந்த வெப்பத்தைத் தாங்கும். ஆனால் உலோகத்தின் மேற்பரப்பைத் துகள்வீச்சால் சுரண்டி, பூசி, உலையில் வைத்துச் சூடேற்றும் வசதியுள்ள பட்டறையில்தான் இதை முறையாகச் செய்ய இயலும். செலவும் கூடுதல். பந்தய வண்டிக்குத் தகுந்த இப்பூச்சு, நாள்தோறும் சந்தைக்குச் சென்றுவரும் வண்டிக்குத் தேவைப்படுவதில்லை.

நான்காவது வகை குரோமிய முலாம். மைசூரில் 1961இல் உற்பத்தியைத் தொடங்கி 1996இல் மூடப்பட்ட ஐடியல் ஜாவா தொழிற்சாலையின் ஜாவா, யெஸ்டி வண்டிகளை இன்றும் பேணிக் காப்போர் பெங்களூருவில் உள்ளனர். ஒரே உருளை கொண்ட எஞ்சினிலிருந்து இருபுறமும் நீளும் இரட்டைக் குழாய்கள் அவ்வண்டிகளின் அடையாளம். அவை முலாமிட்டவை. முலாம் பூசிய குழாய் எஞ்சின் அருகே நாளடைவில் நீலமும் பொன்னிறமும் கலந்த சாயலைப் பெறும். இது அழுக்கன்று, வெப்பத்தால் உண்டான மெல்லிய ஆக்சைடுப் படலத்தில் ஒளி காட்டும் நிறம். நீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் வானவில்லாகத் தோன்றுவதும் இவ்வாறே. முலாம் உரிந்துவிட்டால் வீட்டில் சரிசெய்ய இயலாது. வழவழப்பான முலாமின்மீது வேறு பூச்சும் நன்கு பற்றாது.

பூசும் முறை

தோசைக்கல்லைப் பழக்கும் முறையை நினைவிற்கொண்டால் இது எளிதில் விளங்கும். கல்லைத் தேய்த்துக் கழுவி, எண்ணெயை மெல்லியதாகத் தடவி, சூடேற்றி, ஆறவைத்து, மீண்டும் தடவுவர். ஒரே முறையில் எண்ணெயை மிகுதியாக ஊற்றினால் கல்லில் பிசுக்கே மிஞ்சும். புகைக்குழாய்க்கும் இதே ஒழுங்கு பொருந்தும்.

முதலில் குழாயை முற்றிலும் ஆறவிட வேண்டும். பிறகு கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் துருவை நீக்கி, தின்னரால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வேண்டும். துடைத்த இடத்தை வெறுங்கையால் தொட்டால் கையின் எண்ணெய் அங்கே படிந்துவிடும். சாதாரண பிரைமரை அடியில் பூசக்கூடாது. அது கருகினால் மேற்பூச்சும் உடன் உதிரும். பூச்சை இரண்டு அல்லது மூன்று முறை மெல்லியதாகத் தெளித்து, ஒவ்வொரு முறையும் உலரவிட வேண்டும். இறுதியில் எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தி, ஆறியபின் மேலும் சற்று நேரம் ஓடவிட வேண்டும். இவ்வாறு படிப்படியாகச் சூடேறும்போதுதான் சிலிக்கோன் பிசின் இறுகுகிறது. கால அளவு டப்பாவிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

இப்பணி முழுவதும் திறந்தவெளியில் நடைபெற வேண்டும். மூடிய அறையில் எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமும் மணமும் இல்லாத அந்நச்சுவாயு உயிரைப் பறிக்கவல்லது.

பூச்சு எட்டாத இடம்

நல்ல பூச்சுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் அளவு நீர் ஆவியாக உண்டாகிறது. நெடுந்தொலைவு ஓடும் வண்டியில் அது வெளியேறிவிடும். அடுத்த தெருவரை மட்டும் ஓடி நிற்கும் வண்டியிலோ, குளிர்ந்த சைலன்சருக்குள் நீராகத் தங்கி, உட்புறத்திலிருந்து இரும்பை அரிக்கும். சில சைலன்சர்களின் அடியில் சிறு துளை ஒன்று இருப்பது அந்நீர் வடிவதற்கே. பூசும்போது அதனை அடைத்துவிட்டால், வெளியே காத்த குழாயை உள்ளே கெடுத்ததாகிவிடும். ஏற்கெனவே ஓட்டை விழுந்த குழாய்க்குப் பற்றவைப்போ புதிய குழாயோ தேவை. பூச்சு அதற்கு மருந்தன்று.

ஆகவே, டப்பாவின்மேல் உள்ள மிகப்பெரிய எண்ணையோ பளபளக்கும் நிறத்தையோ நம்பித் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை ஆகாது. குழாயின் எப்பகுதிக்கு, எவ்வளவு வெப்பத்திற்கு, எந்தப் பயன்பாட்டிற்கு என ஆராய்ந்து தேர்ந்தெடுப்பதே சிறப்பு.

பயிற்சி

1. சன்னல் கம்பியில் நிலைக்கும் எனாமல் புகைக்குழாயில் நிலைக்காதது ஏன்?
2. தோசைக்கல்லைப் பழக்குவதற்கும் குழாய்க்குப் பூச்சிடுவதற்கும் உள்ள இரண்டு ஒற்றுமைகளை எழுதுக.
3. குறுந்தொலைவு மட்டும் ஓடும் வண்டியின் சைலன்சர் உட்புறத்தில் துருப்பிடிப்பது எவ்வாறு?
4. உம் வீட்டில் வெப்பத்தைத் தாங்கும் பொருள் ஒன்றைத் தேர்ந்து, அது எதனால் ஆனது எனப் பெரியோரிடம் கேட்டு ஐந்து வரிகள் எழுதுக.