மார்ஜின் பணம் யார் கையில்?

தஞ்சோங் மாலிம் வட்டாரத்தில் ரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. செம்பனை எண்ணெயின் வருங்கால விலை கோலாலம்பூரின் புர்சா மலேசியா முன்பேரச் சந்தையில் பேசப்படுகிறது. ஓர் ஒப்பந்தம் 25 டன். டன்னுக்கு 100 ரிங்கிட் மாறினால் ஒருவருக்கு 2,500 ரிங்கிட் நட்டம், எதிர்த்தரப்புக்கு அதே அளவு லாபம். தோற்றவர் கைவிரித்தால்? அதற்காகவே கிளியரிங் ஹவுஸ் நடுவில் நின்று, இருதரப்பிடமும் மார்ஜின் எனும் ஈட்டுப் பணம் வாங்கி, அன்றைய நட்டத்தை அன்றன்றே வசூலிக்கிறது. இந்தக் காவல் தானாக நடந்துவிடாது. 1980களின் முற்பகுதியில் கோலாலம்பூரில் செம்பனை எண்ணெய்த் தரகர்கள் பணம் கட்டத் தவறியபோது, அன்றைய கிளியரிங் ஹவுஸே நிலைகுலைந்தது.

கிளியரிங் ஹவுஸ் வாங்கிய மார்ஜின் பணத்தை முதலீடு செய்யாமல் அப்படியே வைத்தால் என்ன என்று கேட்கலாம். வங்கியில் போட்ட பணமும் அந்த வங்கிக்குக் கொடுத்த கடன்தான். வங்கி விழுந்தால் அதுவும் சிக்கும். ஆகவே பணத்தை எதில் வைப்பது என்பதே கேள்வி. முதலுக்குச் சேதமின்மை, உடனே காசாக்கும் வசதி, அதன்பிறகே வட்டி: இந்த வரிசைக்குக் குறுகிய கால அரசுப் பத்திரங்கள் பொருந்துகின்றன. ஆனால் பத்திரம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது; பணம் தரகர் வழியாகப் போவதால் அவர் கையும் சுத்தமாக இருக்க வேண்டும். 2011இல் அமெரிக்கத் தரகு நிறுவனமான எம்.எஃப். குளோபல் வாடிக்கையாளர் பணத்தைத் தன் தேவைக்கு எடுத்ததால், சுமார் 160 கோடி டாலர் துண்டு விழுந்தது. கிளியரிங் ஹவுஸ் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், தரகரிடம் ஓட்டை இருந்தால் பணம் ஒழுகும். முன்பேரச் சந்தையில் இறங்குபவர் லாபத்தைக் கணக்கிடுமுன், தம் பணம் தனிக்கணக்கில் இருக்கிறதா என்று தரகரிடம் கேட்க வேண்டும்.