மலைச்சரிவில் மண்டும் காய்ந்த புல்

கார்த்திகைத் திங்களில் திருவண்ணாமலையில், 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் ஏற்றப்படும் தீபத்தை மக்கள் இலட்சக்கணக்கில் கூடி வணங்குகின்றனர். மாசி, பங்குனித் திங்களில் அதே மலையின் சரிவில் பற்றும் தீயோ எவரும் வேண்டாத தீ. பல ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த மரக்கன்றுகளை அது ஒரு பொழுதில் கரியாக்கிவிடும். அத்தீக்கு இரையாவது சரிவெங்கும் அறுப்பாரின்றி மண்டிக் கிடக்கும் காய்ந்த புல்லே. அதனை அகற்றும் முறையையும், மறுபடி சேராமல் தடுக்கும் வழியையும் மலையடிவாரத்துப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் அவசியம்.

புல் மண்டுவது ஏன்?

இம்மலையில் மிகுதியாக வளர்வது எலுமிச்சை மணமுடைய மஞ்சம்புல். ஆடி மழையில் தளிர்த்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆளுயரம் வளர்ந்து, கதிர் முற்றித் தை பிறந்ததும் காயத் தொடங்கும். தளிராக இருக்கும்போது மாடு மேயும். முற்றிய பின் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். காய்ந்த தாள் எளிதில் மக்குவதுமில்லை. இவ்வாறு ஓராண்டுத் தாளின்மேல் மறு ஆண்டுத் தாள் சாய்ந்து கனத்துவிடுகிறது.

முன்னாளில் இது கூரை வேயப் பயன்பட்டது. ஆண்டுதோறும் மக்கள் அறுத்துச் சுமந்து சென்றதனால் மலையில் தாள் தங்கவில்லை. குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் 2010-இல் தொடங்கிற்று. 2030-க்குள் 8 இலட்சம் வீடுகள் கட்டும் நோக்குடன் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2024-இல் வந்தது. ஏழைகளின் கூரை உறுதிப்பட்டது நன்மையே. ஆனால் கூரைக்கு வேண்டாத புல் மலையிலேயே தங்கிவிட்டது என்பதையும் நாம் கருத வேண்டும்.

தீயினால் புல் ஒழியுமா?

“கொளுத்திவிட்டால் தொல்லை தீரும்” என்று எண்ணுவாருண்டு. புதுத் தளிர் வேண்டித் தீ வைப்பாருமுண்டு. இரண்டும் பெரும் பிழை. தீயில் வேகுவது புல்லின் தாள் மட்டுமே. தூரும் வேரும் மண்ணுக்குள் பிழைத்திருக்கும். மழை பெய்தவுடன் புல் மீண்டும் துளிர்க்கும். இளங்கன்றுகளோ பட்டுவிடும். மரமில்லாத இடத்தில் நிழலில்லை. நிழலில்லாத இடத்தில் புல் மேலும் செழிக்கும். எனவே ஒவ்வொரு தீயும் அடுத்த தீக்கு விறகு சேர்த்து வைக்கிறது. மூடாக்கு இழந்த மண்ணை முதற்பெருமழை அரித்து ஏரியிலும் கால்வாயிலும் கொண்டு சேர்க்கும். ஏரி தூர்ந்தால் நட்டம் ஆயக்கட்டுதாரருக்கே.

உயிருக்கும் ஆபத்து உண்டு. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று புற்சரிவில் பரவிய தீயில் சிக்கி மலையேற்றம் சென்றவர்களில் 23 பேர் மாண்டனர். சரிவில் தீ மேல்நோக்கி விரைந்து ஏறும்; கீழே எரியும் சுவாலை மேலேயுள்ள புல்லை முன்னதாகவே காய்ச்சிவிடுவதே காரணம். ஆகவே தீக்கு மேற்புறத்தில் எவரும் நிற்கலாகாது.

செய்ய வேண்டுவன

முதலாவது, தீத்தடுப்புக் கோடு. சரிவின் குறுக்கே புல்லை அகற்றிய வெற்றுப்பட்டை ஒன்றை அமைத்தால் தீ தாண்ட இரையின்றி நின்றுவிடும். புல்லின் உயரத்தைப் போல் பல மடங்கு அகலம் வேண்டும். சரியான அளவை வனத்துறையினர் இடத்தைப் பார்த்துக் கூறுவர். மலை காப்புக்காடாகையால், அவர்கள் அனுமதியின்றி ஒரு பிடிப் புல்லையும் அறுத்தல் கூடாது.

இரண்டாவது, அறுக்கும் பருவம். மார்கழி, தைத் திங்களில், தாள் முழுதும் சருகாகுமுன் அறுப்பது நன்று. தரைக்கு மேல் நான்கு விரற்கடை விட்டு அரிவாளால் அறுக்க வேண்டும். தூரோடு பறிக்கலாகாது, சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்துவது அத்தூரே. புல் நமக்குப் பகையன்று, அறுக்காமல் விட்ட தாளே பகை. அறுத்த கட்டுகளைக் கோட்டின் ஓரத்தில் போட்டுவைப்பின் உழைப்பு அத்தனையும் வீண்.

மூன்றாவது, அறுத்த புல்லின் உபயோகம். மாட்டுத் தொழுவத்தில் பரப்பினால் மூத்திரத்தை உறிஞ்சி நல்ல எருவாகும். கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்கு மூடாக்கிட்டால் ஈரம் காக்கும். கம்போஸ்ட் குழியில் அரையடிப் புல், அதன்மேல் சாணக் கரைசல், சிறிது மண் என்று மாறி மாறி அடுக்கி, ஈரம் குன்றாது காத்து, மாதம் ஒருமுறை புரட்டி வந்தால் மக்கிவிடும். சாணமின்றி வெறும் தாளை மட்டும் குவித்தால் மக்க வெகுகாலமாகும்.

நான்காவது, நிழல். மண்டுதலை நிரந்தரமாகத் தடுப்பது மரமே. 1980-களிலிருந்து இம்மலையில் வனத்துறையும் தொண்டர்களும் கன்று நட்டு வந்துள்ளனர். மரம் தழைத்து நிழல் விழுந்த இடங்களில் மஞ்சம்புல் தானே மெலிகிறது. கன்றைச் சுற்றி இரண்டு முழத்துக்குக் குறையாமல் புல்லைக் களைந்து, கோடைக்கு முன் அவ்வட்டத்தில் கற்களைப் பரப்பி வைத்தல் நலம்.

பஞ்சாயத்தின் கடமை

நவம்பர் 1 அன்று உள்ளாட்சி தினக் கிராம சபை கூடுகிறது. புல்லறுக்கும் பருவத்துக்குச் சற்று முன்னதாக அமைந்த நாள் இது. மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை அடுத்துள்ள பஞ்சாயத்து ஊர்கள் அன்றே தீர்மானம் நிறைவேற்றி, வனத்துறைக்கு விண்ணப்பம் அனுப்பலாம். அறுப்புக்கு ஆள், புல்லைப் பங்கிடும் முறை, கோடையில் காவல் ஆகிய மூன்றையும் அச்சபையிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

உச்சியில் எரியும் தீ ஒன்றே இம்மலைக்குப் போதும். சரிவிலே எழும் தீயைத் தடுக்க அரிவாளும், ஊர் ஒற்றுமையும், சில நாள் உழைப்பும் இருந்தால் போதுமானது.