எடைபோடாத ஏற்றுமதி

தீர்த்தமலை அடிவாரத் தேநீர்க்கடை. மலையேறித் தீர்த்தகிரீசுவரரைக் கண்டு திரும்பியவர்கள் கால் வலிக்கு இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். அரூர்ப் பக்கத்துத் தோழர் ஒருவர் பத்திரிகையை நம் முன் நீட்டினார்.

"ஏன் தோழரே, 'சர்வதேச சேவை வர்த்தகப் புள்ளிவிவரம்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். புளி விலை போட்டால் படிப்போம். மஞ்சள் விலை போட்டால் படிப்போம். இதைப் படித்து நமக்கு என்ன ஆகப்போகிறது?"

நியாயமான கேள்வி. சேவை என்றதும் கோயில் சேவையை நினைக்க வேண்டாம். தேர்தல் காலத்தில் சிலருக்குத் திடீரென்று வரும் 'மக்கள் சேவை'யையும் நினைக்க வேண்டாம்! இங்கே சேவை என்பது விலைக்கு விற்கப்படும் உழைப்பு. புளி மூட்டையை மண்டியில் தராசில் ஏற்றுகிறார்கள். துறைமுகத்தில் சுங்கக்காரர் எழுதிக்கொள்கிறார். பெங்களூரில் உட்கார்ந்து அமெரிக்க வங்கிக்குக் கணினிக் கட்டளை எழுதுகிறானே, அந்த உழைப்பு கடலுக்கடியில் கம்பி வழியே போய்விடுகிறது. அதை நிறுத்திப் பார்க்கச் சுங்கச் சாவடி ஏது? வங்கிக்கு வந்து சேரும் டாலரைப் பார்த்தும், நிறுவனங்களைக் கேட்டும்தான் ரிசர்வ் வங்கி கணக்கெழுதுகிறது.

கண்ணுக்குத் தெரியாததால் இது சிறிய வியாபாரம் என்று எண்ணிவிடாதீர்கள். 2024-25ஆம் ஆண்டில் இந்தியா விற்ற சரக்கு சுமார் 43,700 கோடி டாலர். விற்ற சேவை சுமார் 38,700 கோடி டாலர். சரக்கு வியாபாரத்தில் விழுந்த பள்ளம் ஏறக்குறைய 28,000 கோடி டாலர். அந்தப் பள்ளத்தில் பாதிக்கு மேல் மண்ணடித்து மூடியது சேவையில் கிடைத்த உபரி. இது தெரியாமல், 'நாடு கடனில் மூழ்குகிறது' என்று ஒருவர் புலம்பினாலும் பொய். 'நாடு கொழிக்கிறது' என்று இன்னொருவர் குதித்தாலும் பொய்.

பாதிக் கணக்கு என்ன செய்யும் என்பதற்கு நேற்று நடந்ததே சாட்சி. 2025 ஏப்ரல் 2ஆம் நாள் அமெரிக்க அதிபர் டிரம்ப் நாடுகளுக்கெல்லாம் வரிப் பட்டியல் வாசித்தார். இந்தியாவுக்கு 26 விழுக்காடு! எப்படி வந்தது இந்த எண்? ஒரு நாட்டோடு அமெரிக்கா நடத்தும் சரக்கு வியாபாரத்தில் எவ்வளவு பற்றாக்குறை என்று பார். அந்நாட்டிலிருந்து வாங்கிய சரக்கின் மதிப்பால் அதை வகு. வந்ததில் பாதியை வரியாகப் போடு! அவ்வளவுதான் சூத்திரம். சேவையை அந்தச் சூத்திரம் தொடவே இல்லை. ஏன் தொடும்? உலகத்துக்குச் சேவை விற்பதில் அமெரிக்காவுக்கு ஆண்டுதோறும் 25,000 கோடி டாலருக்கு மேல் உபரி. நாம் கைப்பேசியில் பார்க்கும் விளம்பரத்திலும், கடையில் தேய்க்கும் அட்டையிலும் அவர்கள் பங்கு இருக்கிறது. அதையும் எழுதினால், 'எங்களை உலகமே ஏமாற்றுகிறது' என்ற ஒப்பாரிக்குச் சுருதி சேராதே! ஆகஸ்ட் 27ஆம் நாள், ரஷ்ய எண்ணெயையும் சாக்காகச் சேர்த்து, வரி 50 விழுக்காடாக ஏறியது. அடி விழுந்தது திருப்பூர் பனியன் மீது. அந்தப் பனியனைத் தைக்கும் கைகளில் தருமபுரி மாவட்டத்துக் கைகளும் உண்டு என்பது தேநீர்க்கடைத் தோழருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சேவை வியாபாரத்துக்கு 1995 முதல் உலக ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. நான்கு வழிகளை அது வகுக்கிறது. இருந்த இடத்திலிருந்தே விற்பது ஒன்று. வாங்குகிறவர் நம்மிடம் வருவது இரண்டாவது. வேலூருக்கு வைத்தியத்துக்கு வரும் வங்கதேசத்தவர் போல. அயல்நாட்டில் கிளை திறப்பது மூன்றாவது. ஆளே போய் வேலை செய்வது நான்காவது. பணக்கார நாடுகள் முதல் மூன்றுக்குக் கதவைத் திறந்துவைத்துப் பேசும். நான்காவது வந்தால் தாழ்ப்பாள் தேடும்!

அந்த நான்காவது வழியில்தான் கணக்கும் மிக மெலிவு. துபாயில் ஓராண்டுக்கு மேல் தங்கிச் செங்கல் அடுக்கும் நம் கொத்தனாரின் கூலி சேவை ஏற்றுமதியில் சேராது. அவர் வீட்டுக்கு அனுப்பும் பணம் மட்டும் வேறொரு கலத்தில் ஏறும். அந்தக் கலம் என்ன சிறியதா? 2024-25இல் 13,500 கோடி டாலர்! ரிசர்வ் வங்கியின் 2023-24 ஆய்வுப்படி அதில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 விழுக்காடு.

அந்தக் கலம் வற்றினால் என்னாகும்? 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள், பலர் மாற்றுத் துணிகூட இல்லாமல், விமானத்தில் திரும்பினார்கள். எண்ணெய் விலை ஏறியது, வளைகுடாப் பணம் சுருங்கியது, செலாவணிப் பெட்டி காலியானது. நெருக்கடிக்கு வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. 1991 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஏறக்குறைய 47 டன் தங்கத்தை அயல்நாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தது. பாலைவனத்தில் வெந்த தொழிலாளியின் பணம் நாட்டின் மானத்தை எவ்வளவு நாள் தாங்கியிருக்கிறது என்பது அன்றுதான் பலருக்கும் உறைத்தது.

இதையெல்லாம் கேட்ட தோழர் கண்ணாடிக் குவளையை வைத்துவிட்டு இன்னொன்று கேட்டார். "எங்கள் ஊர்ப் பையன்கள் பெங்களூரில் அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனி வாசலில் இரவு பூரா காவல் நிற்கிறார்கள். பெண்கள் தரை துடைக்கிறார்கள். இவர்கள் எந்தக் கலம்?"

நமக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கம்பெனி விற்கும் சேவையின் விலைக்குள் அவர்கள் கூலியும் இருக்கிறது. காவல் இல்லாமல், துப்புரவு இல்லாமல் எந்த ஏற்றுமதியும் ஒரு நாள் நடக்காது. ஆனால் டாலர்க் கணக்கில் அவர்கள் முகம் இல்லை. ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த 'செலவு' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிப்போகிறார்கள். கூலி உயர்வு கேட்டால், 'உங்களால் கம்பெனிக்கு என்ன வரவு?' என்று கேட்க ஆள் இருக்கிறது. பதிலுக்குக் காட்ட அச்சடித்த ஒரு வரி இல்லை.

மென்பொருள் ஏற்றுமதி பற்றி ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் நிறுவனங்களுக்குக் கேள்வித்தாள் அனுப்புகிறது. நான்கு வழிகளையும் பிரித்துக் கேட்கிறது. நல்லது. அதே அறிக்கையில் இன்னும் ஒரு பத்தி வரட்டும்: அந்த ஏற்றுமதிக்குப் பின்னால் ஒப்பந்தக் கூலிக்கு நின்றவர்கள் எத்தனை பேர், அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு?