அமோனியாவும் அண்டையில் வாழ்வோரின் உரிமையும்

2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவை நெருங்கும் வேளையில், கப்பலிலிருந்து எண்ணூர் கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குத் திரவ அமோனியாவைக் கொண்டுவருவதற்காகக் கடலுக்கடியில் பதிக்கப்பட்டிருந்த குழாய் பெரியகுப்பத்துக்கு அருகே கசியத் தொடங்கி, கரையோரத்து நீர் நுரைத்துக் கொப்பளிக்க, உறங்கிக்கொண்டிருந்த மீனவக் குடும்பங்கள் கண்ணெரிச்சலும் மூச்சடைப்பும் பொறுக்கமாட்டாமல், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தன. மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பேட்டையிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்து, படகையும் வலையையும் கறுப்பாக்கி ஏறக்குறைய மூன்று வாரமே ஆன நேரம் அது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். காற்றில் ஒரு கன மீட்டருக்கு, இருபத்துநான்கு மணி நேரச் சராசரியாக, 400 மைக்ரோகிராமுக்கு மேற்படக் கூடாத அமோனியா 2,090 மைக்ரோகிராமாக இருந்ததென்றும், கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமே இருக்கத்தக்கது 49 மில்லிகிராமாக இருந்ததென்றும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தன் அளவீட்டில் தெரிவித்தது.

எந்த இயந்திரமும் என்றேனும் பழுதுபடக்கூடும். குழாய் கசிந்தது மட்டுமே இங்கு குறையென்று நான் கருதவில்லை. அந்த இரவில் ஓடியவர்களில் மிகப் பலருக்குத் தங்கள் வாசலுக்கு எதிரே கடலுக்கடியில் என்ன பொருள் செல்கிறது, அது கசிந்தால் என்ன மணம் வீசும், எந்தத் திசையில் போக வேண்டும், கண்ணை என்ன செய்ய வேண்டும் என்பவற்றை எவரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லையே, அதுதான் பெருங்குறை. சொல்லியிருக்க வேண்டுமென்பது வெறும் தர்ம நியாயம் அன்று. இந்த நாட்டில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக எழுத்தில் உள்ள சட்டம் அது. அச்சட்டத்தை அறியாதிருப்பது எண்ணூர் மக்களின் பிழையாகாது. ஆனால் அறிந்துகொண்டால் அதை வைத்து அவர்கள் கேட்கக்கூடிய கேள்விகள் பல உண்டு.

அமோனியா எதற்காக இவ்வளவு பெருமளவில் உலகெங்கும் கப்பலேறுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜனே ஆயினும், அதன் இரண்டு அணுக்களும் ஒன்றையொன்று மிக இறுகப் பற்றியிருப்பதால் பயிர்கள் அதை நேரே உண்ண இயலாது. 1909இல் ஜெர்மானிய ரசாயன மேதை பிரிட்ஸ் ஹேபர், அந்தப் பிணைப்பைத் தகர்த்து நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அமோனியாவாக்கும் முறையைச் சோதனைச் சாலையில் நிரூபித்தார். கார்ல் பாஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தார். அவர்களோடு உழைத்த ஆல்வின் மிட்டாஷ், ஆயிரக்கணக்கான கலவைகளைப் பொறுமையோடு ஒவ்வொன்றாகச் சோதித்து, சிறிதளவு பொட்டாசியமும் அலுமினாவும் சேர்ந்த இரும்பே சிறந்த வினையூக்கி என்று கண்டறிந்தார். 1913இல் ஓப்பாவ் நகரில் முதல் ஆலை இயங்கத் தொடங்கியது. அந்த இரும்பின் மேற்பரப்பில் நைட்ரஜன் மூலக்கூறு வந்தமர்ந்து இரண்டாகப் பிளவுபடுவதே முழு வினையின் வேகத்தையும் நிர்ணயிக்கிறது என்பதைப் படிப்படியாக விளக்கிய கெர்ஹார்ட் எர்டலுக்கு 2007இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 18 கோடி டன் அமோனியா உலகில் உற்பத்தியாகிறது. மனித உடலிலுள்ள நைட்ரஜனில் ஏறக்குறைய பாதி இந்த வினையின் வழியே வந்ததென்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த ரசாயனம் வடசென்னைக்கு அந்நியமானதும் அன்று. மணலியிலுள்ள மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் ஆலை, முன்பு நாப்தாவையும் இப்போது இயற்கை எரிவாயுவையும் மூலப்பொருளாகக் கொண்டு, அதே வினையால் அமோனியா தயாரித்து யூரியாவாக்குகிறது.

நம் சோற்றுக்கு இத்துணை பெரிய உபகாரம் செய்யும் பொருளை ஒழித்துவிட வேண்டுமென்று அறிவுடையோர் யாரும் கூறார். அண்மைக்கால ஆராய்ச்சியின் போக்கோ, அதன் பயன் இன்னும் பெருகவே போகிறது என்பதைக் காட்டுகிறது. ருத்தீனியம் போன்ற உலோகங்களைக் கொண்டு குறைந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் வினையை நடத்த இயலுமா என்றும், லித்தியத்தின் துணையோடு மின்சாரத்தாலேயே நைட்ரஜனை அமோனியாவாக்க இயலுமா என்றும் பல நாடுகளில் சோதனைகள் நடைபெறுகின்றன. சூரிய ஒளியிலும் காற்றாலையிலும் கிடைக்கும் மின்சாரத்தால் ஹைட்ரஜனைப் பிரித்தெடுத்துச் செய்யும் ‘பசுமை அமோனியா’வைக் கப்பல்களுக்கு எரிபொருளாக்கும் முயற்சியும் தொடங்கிவிட்டது. இந்திய அரசு 2023 ஜனவரியில் ஒப்புதல் அளித்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம், 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் ஹைட்ரஜன் என்னும் இலக்கை வைத்திருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகம் அதற்குரிய மையங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. இவையெல்லாம் பூமியின் வெப்பத்தைத் தணிக்க உதவக்கூடும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எந்த வினையூக்கியால் செய்தாலும், எந்த மின்சாரத்தால் செய்தாலும், கிடைக்கும் அமோனியா அதே அமோனியாதான். அது கசிந்தால் கண்ணும் நுரையீரலும் படும் பாட்டில் எள்ளளவும் மாற்றமிராது. நம் துறைமுகங்களின் வழியே அதன் போக்குவரத்துப் பெருகப் பெருக, அண்டையில் வாழ்வோரின் உரிமையும் வலுப்பெற்றாக வேண்டும்.

இனி உடலுக்கு நேரும் தீங்கு. அமோனியா தண்ணீரை மிக வேகமாகப் பற்றிக் கரையும் வாயு. எனவே உடலில் ஈரம் எங்கிருக்கிறதோ அங்கேயே முதலில் பாய்கிறது: கண், மூக்கு, தொண்டை, சுவாசக் குழாய். அங்குள்ள நீரோடு சேர்ந்து கடுங்காரமாக மாறி, திசுக்களைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது. கண்ணில் அமிலம் பட்டால் அது மேற்பரப்பிலேயே திசுவை உறையச் செய்து ஓரளவு தானே தடைப்பட்டுவிடும், காரமோ அவ்விதம் நில்லாமல் ஆழ்ந்து செல்லும். சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும் திரவமாகையால், அது நேரே தோலில் பட்டால் குளிரால் திசு உறைந்து புண்ணாவதும் உண்டு. வாயுநிலையில் காற்றைவிட இலேசானதே என்றாலும், கடுங்குளிரோடு வெளிப்படும்போது காற்றின் ஈரத்தோடு கலந்து வெண்புகைபோல் தரையை ஒட்டிப் பரவக்கூடும்; ‘மேலே போய்விடும்’ என்று நம்பித் தெருவில் நிற்பது அபாயம். பத்து லட்சத்தில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு அதை உணர்ந்துவிடும்; முந்நூறு பங்கை எட்டினால் உயிருக்கும் உடல்நலத்துக்கும் உடனடி ஆபத்து என்பது தொழில் சுகாதார நிபுணர்களின் கணக்கு.

ஆகவே அந்த நெடி எட்டியவுடன், ஈரத் துணியை மூக்கிலும் வாயிலும் பொத்திக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நடந்து, நெடி குறையும் இடத்துக்குச் செல்ல வேண்டும். காற்று போகும் திசையிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வரும். வெளியேற வழியில்லையென்றால் கதவு, ஜன்னல் இடுக்குகளை ஈரத் துணியால் அடைத்துக்கொண்டு உள்ளே இருப்பதே நலம். கண் எரிந்தால் கசக்கக் கூடாது. இமைகளை விரித்துப் பிடித்து, குறைந்தது பதினைந்து நிமிடமேனும் சுத்தமான தண்ணீரை விடாமல் ஊற்றிக் கழுவ வேண்டும். எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ ஊற்றிக் காரத்தை முறிக்கலாம் என்று எண்ணுவது மேலும் கேடு. நனைந்த உடைகளைக் களைந்துவிட வேண்டும். இந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது; ஆக்ஸிஜனும், சுவாசக் குழாயை விரிக்கும் மருந்தும், கவனமான கண்காணிப்புமே சிகிச்சை. முதலில் தேறியதுபோல் தோன்றினும், சில மணி நேரங்களுக்குப் பின் தொண்டை வீங்குவதும் நுரையீரலில் நீர் கோப்பதும் உண்டாகையால், குரல் கம்மினாலோ மூச்சில் சீறும் ஒலி கேட்டாலோ மறுபடியும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஒரே ஒரு முறை கடுமையாகச் சுவாசித்த பிறகு ஆஸ்துமாவைப் போன்ற இளைப்பு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், நீடிப்பதை மருத்துவ உலகம் 1980களிலிருந்தே தனி நோய்க்கூறாக அங்கீகரித்திருக்கிறது. படியேறினால் இரைக்கிறது என்று இன்றும் ஒருவர் சொன்னால், அதை வயதின்மீது போட்டுவிடாமல் நுரையீரல் திறனறியும் சோதனை செய்துகொள்வது அவசியம்.

இங்கே ஒரு சிறு காகிதத்தின் அருமையைச் சொல்ல விரும்புகிறேன். ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையில் விபத்துக்குள்ளானவராகச் சேரும்போது, விபத்துப் பதிவேட்டில் எழுதி அதன் நகலைத் தருவார்கள், ‘ஏ.ஆர். காப்பி’ என்று ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எல்லோரும் அறிந்த பெயர் அதற்கு. எங்கே, எந்நேரத்தில், எந்த வாயுவைச் சுவாசித்ததால் வந்தார் என்பது அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே ‘மூச்சுத் திணறல்’ என்றிருந்தால், பிற்காலத்தில் நஷ்டஈடு கோரும்போது அந்தச் சொல் எதையும் நிரூபிக்காது. புறநோயாளிச் சீட்டு, மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே, வேலைக்குப் போகாத நாள்களின் விவரம், இறந்த கோழி அல்லது கருகிய செடியின் படம், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் பத்திரப்படுத்துவது, வழக்கறிஞரைத் தேடுவதற்கும் முந்திய கடமை.

சட்டத்துக்கு வருவோம். 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து நிகழ்ந்த கொடுமையும், மறு ஆண்டே டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்ததும் இந்தியச் சட்டத்தின் போக்கையே மாற்றின. ஓலியம் வழக்கில் 1986 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அபாயகரமான தொழிலை லாபத்துக்காக நடத்துகிறவர், ‘நான் எல்லா ஜாக்கிரதையும் எடுத்தேன்’ என்று சொல்லித் தப்ப இயலாது, விளைந்த தீங்குக்கு முழுப் பொறுப்பும் அவருடையதே என்று நிர்ணயித்தது. 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 41பி பிரிவு, ஆபத்தைப் பற்றிய தகவலைத் தொழிலாளருக்கு மட்டுமின்றிச் சுற்றுப்புறத்துப் பொதுமக்களுக்கும் வெளியிடும்படி ஆலை நடத்துவோரைக் கட்டாயப்படுத்தியது. 1989இல் வந்த அபாயகரமான ரசாயனங்கள் பற்றிய விதிகள் இன்னும் துலக்கமானவை: 13ஆம் விதி, ஆலைக்குள் அவசரத் திட்டமும் ஆறு மாதத்துக்கொரு முறை ஒத்திகையும் வேண்டும் என்கிறது, 14ஆம் விதி, ஆலைக்கு வெளியே உள்ள மக்களுக்கான திட்டத்தை அதற்குரிய அரசு அதிகாரி வகுத்து ஆண்டுக்கொரு முறையேனும் ஒத்திகை நடத்த வேண்டும் என்கிறது, 15ஆம் விதி, விபத்தால் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு அந்த அபாயத்தின் தன்மையையும், செய்யத் தக்கன, தகாதன இவை என்பதையும் ஆலை நடத்துவோர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்கிறது.

நம் தெருவில் அத்தகைய ஒத்திகை கடைசியாக எப்போது நடந்தது? பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு ஒரு மனு எழுதி, ஆலைக்கு வெளியே உள்ள மக்களுக்கான திட்டத்தின் நகலையும் ஒத்திகைத் தேதிகளையும் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள். ஊர்ப் பஞ்சாயத்தும் மகளிர் குழுவும் இதைச் செய்தால் தனி மனிதனுக்குள்ள தயக்கம் இராது. விபத்துக்குப் பிறகு முப்பத்துமூன்று மீனவ கிராமங்களின் மக்கள் மாதக்கணக்கில் போராடியதை நாடறியும். அந்த ஒற்றுமையின் ஒரு துளி இந்த மனுவுக்குப் போதும்.

அந்த விபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு, சுற்றுச்சூழல் இழப்பீடாக 5 கோடியே 92 லட்சம் ரூபாயைப் பரிந்துரைத்து, பழைய குழாயை மாற்றிப் புதிய கண்காணிப்புக் கருவிகளோடு கூடிய குழாயை அமைக்கவும் யோசனை கூறிற்று. 2024 மே மாதத்தில் தீர்ப்பாயம், உரிய துறைகளின் தடையின்மைச் சான்று பெற்ற பின்னரே ஆலை மீண்டும் இயங்கலாம் என்று ஆணையிட்டது. அந்த 5 கோடியே 92 லட்சம் கடலுக்கும் காற்றுக்கும் நேர்ந்த கேட்டுக்குரியது. பெரியகுப்பத்தில் மூச்சுத் திணறி விழுந்த ஒரு தாயாருக்கு உரிய தனிப்பட்ட நிவாரணம் ஆகாது. அதை அவரே கேட்க வேண்டும்.

கேட்பதற்கு வழி இரண்டு. 1991இன் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தின்கீழ், யாருடைய தவறு என்று நிரூபிக்காமலே, உடல் காயத்துக்கும் சொத்துச் சேதத்துக்கும் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். கூடியவரை மூன்று மாதத்தில் அவர் முடிவு செய்ய வேண்டும். சட்டம் இயற்றப்பட்டபோது உயிரிழப்புக்கே 25,000 ரூபாய்தான் என்றிருந்த அதன் தொகைகள் அற்பமானவை என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் இதைப் பெற்றுக்கொண்டதால் மேற்கொண்டு கோரும் உரிமை பறிபோவதில்லை என்று அச்சட்டமே உறுதி கூறுகிறது. அந்தக் கூடுதல் கோரிக்கையைப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்கீழ் வைக்கலாம். 2020 மே மாதம் விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் கசிந்து பன்னிருவர் மாண்டபோது, மறுநாளே 50 கோடி ரூபாயை முன்பணமாகக் கட்டும்படி எல்.ஜி. பாலிமர்ஸ் நிறுவனத்துக்கு ஆணையிட்டது அத்தீர்ப்பாயமே. ஆலைக்குள் வேலை செய்தவர்களுக்கு, ஒப்பந்தத் தொழிலாளர் உள்பட, இ.எஸ்.ஐ. மற்றும் தொழிலாளர் இழப்பீட்டு வழிகள் தனியே உள்ளன. வக்கீல் கட்டணத்தை எண்ணிப் பின்வாங்கவும் வேண்டாம்: தொழிற்சாலைப் பேரழிவால் பாதிக்கப்பட்டவர்களுக்கும், பெண்கள் அனைவருக்கும், வருமானம் எதுவாயினும், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தர வேண்டும், 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

மேற்சொன்ன இரு சட்டங்களும் நஷ்டஈடு கோருவதற்கு வைத்திருக்கும் காலவரம்பு ஐந்து ஆண்டுகள். எண்ணூர்க் கசிவைப் பொறுத்தவரை அது 2028 டிசம்பர் 26ஆம் தேதியோடு முடிகிறது. அந்த இரவில் கண்ணெரிந்து ஓடியவர்கள் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், அவர்களுடைய மருத்துவச் சீட்டுகளைத் தேடியெடுத்து, அத்தேதிக்கு முன்பாக மனுவைச் சேர்ப்பித்துவிடுங்கள்.