ஓர் இரவுக்காக எடுக்கப்பட்ட படங்கள்

திரையரங்கிற்கென எடுக்கப்படும் படத்திற்கு விளம்பரம் உண்டு, விமரிசனம் உண்டு, பல நாள் ஓட்டமும் உண்டு. தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்படும் படத்திற்கு அப்பேறுகள் இல்லை. ஓர் இரவு ஒளிபரப்பாகும். கோடையில் மறுமுறை ஒளிபரப்பானாலும் ஆகலாம். அதன்பின் படச்சுருள் கிடங்கில் அடைக்கலம் புகும். 1970-களில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட மர்மப் படங்களும் திகில் படங்களும் இவ்வாறு கிடங்கில் கிடந்தவையே. அவற்றுட் சில, நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின் சீரமைக்கப்பெற்று, இல்லத்திலிருந்தே காணத்தக்க வட்டுகளாக வெளிவந்துள்ளன. அவை அழியாமல் எஞ்சியது எங்ஙனம், சீரமைக்கும் முறை யாது, அப்பணியில் எழும் சிக்கல்கள் எவை என்பன இக்கட்டுரையில் ஆராயப்பெறுகின்றன.

தமிழ்த்துறை மலரில் திகில் படத்திற்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் ஏட்டுச்சுவடியையும் பாடபேதத்தையும் பயின்றோர்க்கு இப்பொருள் முற்றிலும் அயலானதன்று என்பது போகப்போகப் புலப்படும்.

அமெரிக்காவின் ஏபிசி நிறுவனம் 1969-ஆம் ஆண்டு ‘மூவி ஆஃப் தி வீக்’ என்னும் தொடர் நிகழ்ச்சியைத் தொடங்கியது. வாரந்தோறும் ஒரு புதிய படம். ஒதுக்கப்பட்ட நேரம் தொண்ணூறு நிமிடம். அதில் விளம்பரங்களுக்கு உரியது போக எஞ்சியது ஏறத்தாழ 74 நிமிடம். இந்த அளவிற்குள் கதை தொடங்கி, வளர்ந்து, முடிந்தாக வேண்டும். 1975 வரை நடைபெற்ற இந்நிகழ்ச்சிக்காக மிகப் பல படங்கள் மிகக் குறைந்த செலவில், மிகக் குறைந்த நாள்களில் எடுக்கப்பட்டன. பெரும்பாலானவை மறக்கப்பட்டன, அவற்றுள் மறக்கத்தக்கனவும் பல என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மறக்கவொண்ணாதவற்றுள் தலையாயது ‘டூயல்’. 1971 நவம்பர் 13 அன்று ஒளிபரப்பான இப்படத்தை இயக்கியவர், அப்போது இருபத்தைந்து வயதைக்கூட எட்டாத ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். கதையும் திரைக்கதையும் ரிச்சர்ட் மேத்தசன் எழுதியவை. நெடுஞ்சாலையில் தனியே கார் ஓட்டிச் செல்லும் எளிய மனிதர் ஒருவரை ஒரு பெரும் சரக்கு லாரி காரணமின்றித் துரத்துகிறது. கதை இவ்வளவே. லாரியை ஓட்டுபவனின் முகம் படத்தின் இறுதிவரை காட்டப்படவில்லை. ஒரு கையும், காலணியும் மட்டுமே கண்ணிற்படும். லாஸ் ஏஞ்சலிசுக்கு வடக்கேயுள்ள மலைச்சாலைகளில் பதின்மூன்று நாள்களில் படப்பிடிப்பு முடிந்தது.

அடுத்த ஆண்டு ஜனவரி 11 அன்று ‘தி நைட் ஸ்டாக்கர்’ ஒளிபரப்பாயிற்று. திரைக்கதை இதற்கும் மேத்தசனுடையதே. தயாரித்தவர் டான் கர்ட்டிஸ். இயக்கியவர் ஜான் லெவெலின் மாக்ஸி. லாஸ் வேகாஸ் நகரில் தொடர் கொலைகளின் பின்னணியைத் தேடிச் செல்லும் கார்ல் கோல்சக் என்னும் செய்தியாளரின் கதை இது. கொலைகாரன் இரத்தம் குடிக்கும் பேயுருவினன் என்பதை அவர் கண்டறிகிறார். அதிகாரிகளோ உண்மையை மூடி மறைத்து, அவரை ஊரைவிட்டே துரத்துகின்றனர். பேயைக் காட்டிலும் அதிகாரத்தின் வாய்ப்பூட்டே இப்படத்தில் அச்சம் தருவது என்பது எம் கருத்து. அன்றிரவு அந்நேரத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்க இல்லங்களுள் நூற்றுக்கு 54 இப்படத்தைப் பார்த்தன. தொலைக்காட்சிக்கென எடுக்கப்பட்ட படம் எதுவும் அதுவரை அத்துணைப் பேரை ஈர்த்ததில்லை.

இப்படங்களின் தரத்திற்கு ஒரு காரணத்தை ஈண்டுச் சுட்டுதல் வேண்டும். குடும்பத்தோர் அனைவரும் ஒருங்கிருந்து பார்க்கும் கூடத்தில் குருதியையும் கொடூரத்தையும் காட்ட அன்றைய ஒளிபரப்பு விதிகள் இடந்தரவில்லை. காட்டக்கூடாது என்னும் தடையே குறிப்பால் உணர்த்தும் திறனை வளர்த்தது. லாரி ஓட்டுநரின் முகம் மறைக்கப்பட்டது. ‘நைட் ஸ்டாக்கர்’ படத்தின் பேயுருவினனுக்கு ஒரு சொல்கூடப் பேச்சு இல்லை. இன்றைய திகில் படங்களைக் கண்டு முகஞ்சுளிக்கும் மூத்தோரும் இவற்றைப் பெரிதும் தயக்கமின்றிக் காணலாம்.

இனி, இவை எஞ்சியது எங்ஙனம் என்பதைக் காண்போம். இதற்கு விடை கலையில் இல்லை, பொருளில் இருக்கிறது. ஹாலிவுட் நிறுவனங்கள் தொலைக்காட்சிப் படங்களையும் திரையரங்கப் படங்களைப் போலவே 35 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுத்தன. கருவிகளும் தொழிலாளரும் பழக்கமும் அதற்கே அமைந்திருந்தன. அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சிப் பெட்டி 525 கோடுகளால் படத்தைத் தீட்டியது. கண்ணுக்குப் புலனானவை ஏறத்தாழ 480. ஆனால் நெகட்டிவ் சுருளில் பதிந்திருந்த நுட்பமோ அதைப்போல் பன்மடங்கு. அதாவது, இப்படங்களை எடுத்தவர்கள் பதிவுசெய்ததில் பெரும்பகுதியை முதன்முறை பார்த்த மக்கள் பார்க்கவே இல்லை. ஐம்பது ஆண்டுகளாக அது சுருளுக்குள் உறங்கிக் கிடந்தது.

காந்த நாடாவில் பதிவானவற்றின் கதி வேறு. நாடா விலையுயர்ந்தது, அழித்துவிட்டு மீண்டும் பயன்படுத்தத்தக்கது. எனவே அழித்தார்கள். இங்கிலாந்தின் பிபிசி நிறுவனம் 1960-களிலும் 70-களிலும் இவ்வாறு இழந்தவை ஏராளம். நைஜல் நீல் என்னும் எழுத்தாளரின் ‘தி ரோடு’ என்னும் நாடகம் 1963-இல் ஒளிபரப்பாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டுச் சிற்றூர் ஒன்றின் காட்டில் ஆவிகளின் ஓலம் கேட்கிறது. அது இறந்தோரின் ஓலமன்று, இனி வரவிருக்கும் அணுப்போரில் மடியப்போகும் மக்களின் ஓலம் என்பது இறுதியில் வெளிப்படும். இத்தகைய அரிய கற்பனையின் ஒளிப்பதிவு இன்று எங்கும் இல்லை. எழுத்து வடிவம் மட்டும் எஞ்சியதால், 2018-இல் வானொலி நாடகமாக அது மறுபிறப்பெடுத்தது. பார்த்தவர் நினைவைத் தவிர அதன் காட்சிக்கு வேறு இருப்பிடமில்லை.

சுருளில் எஞ்சியதும் நல்ல நிலையில் எஞ்சியது என்று கொள்ளலாகாது. 1970-களின் வண்ணப் பிரதிகளில் நீலச்சாயல் முதலில் மங்கும். படம் முழுவதும் செந்நிறம் படரும். அசிட்டேட் சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையத் தொடங்கினால் புளிக்காடியின் நெடி வீசும், சுருங்கும், நெளியும். சீரமைப்போர் முதலில் தேடுவது கேமராவில் ஓடிய மூல நெகட்டிவை. அது கிட்டாதபோதே அதிலிருந்து எடுத்த வழிப்பிரதிகளை நாடுவர். பிரதியிலிருந்து பிரதி எடுக்குந்தோறும் கூர்மை குறையும். ஏடு பெயர்த்தெழுதியோர் கைப்பிழைகள் தலைமுறைதோறும் பெருகியதை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

கிடைத்த சுருளைக் கையால் சோதித்து, கிழிந்த துளைகளையும் ஒட்டுகளையும் செப்பனிட்டு, தூசியைக் கழுவி நீக்குவர். பின்னர் ஸ்கேனர் கருவி ஒவ்வொரு சட்டத்தையும் தனித்தனியே கணினிக்குரிய படமாக மாற்றும். வினாடிக்கு 24 சட்டம். 74 நிமிடப் படத்திற்கு 1,06,560 சட்டங்கள். 4கே எனப்படும் முறையில் ஒவ்வொரு சட்டமும் அகலவாட்டில் ஏறத்தாழ நாலாயிரம் புள்ளிகளாகப் பிரிக்கப்படும். கீறல், கறை, நடுக்கம் ஆகியவற்றைக் கணினி பெருமளவு களையும். எனினும் மழைத்துளியைக் கீறலென்றும், தீப்பொறியைத் தூசியென்றும் அது மயங்குவதுண்டு. ஆதலின் மனிதக் கண்ணின் மேற்பார்வை இன்றியமையாதது. அதன்பின் வண்ணத்தைச் சமன் செய்வர். ‘நைட் ஸ்டாக்கர்’ படத்தையும், 1973-இல் வந்த அதன் தொடர்ச்சியான ‘தி நைட் ஸ்ட்ராங்ளர்’ படத்தையும் கினோ லார்பர் நிறுவனம் 2018-இல் இத்தகைய 4கே சீரமைப்புடன் புளூ-ரே வட்டுகளாக வெளியிட்டது. இரவுக் காட்சிகள் மிகுந்த படங்கட்கு இச்சீரமைப்பு பெரும்பயன் தருவது. பழைய ஒளிபரப்பில் ஒரே கருமையாகத் தோன்றியவிடத்து இப்போது சுவரும் நிழலும் வேறுவேறாகப் புலனாகின்றன.

கருவி செய்யும் வேலை ஒருபுறமிருக்க, மனிதர் முடிவு செய்யவேண்டிய வினாக்கள் மறுபுறம் உள்ளன. அவற்றுள் பெரியது சட்டத்தின் வடிவம் பற்றியது. அக்காலத் தொலைக்காட்சித் திரை நான்குக்கு மூன்று என்னும் விகிதத்தது; ஏறத்தாழச் சதுரம். இன்றைய திரையோ பதினாறுக்கு ஒன்பது. பழைய படத்தை உள்ளவாறே காட்டினால் இருபுறமும் கரும்பட்டை விழும். பணம் கொடுத்து வாங்கிய திரை வீணாகிறதே என்று சிலர் குறைப்படுவர். திரையை நிரப்ப விரும்பினால் படத்தின் தலையையும் காலையும் வெட்டியாக வேண்டும். ஜான் கார்ப்பென்டர் இயக்கி 1978-இல் என்பிசி ஒளிபரப்பிய ‘சம்ஒன்ஸ் வாச்சிங் மீ’ படத்தை ஸ்க்ரீம் ஃபேக்டரி நிறுவனம் 2018-இல் வெளியிட்டபோது, ஒரே வட்டில் இருவகைச் சட்டத்தையும் தந்தது. மூலபாடத்தையும் பாடபேதத்தையும் ஒருங்கே தரும் நல்ல பதிப்பாசிரியர் செயலோடு இதனை ஒப்பிடலாம். அடுக்குமாடி வீட்டில் தனித்து வாழும் பெண்ணை, எதிர்க்கட்டடத்திலிருந்து எவனோ தொலைநோக்கியால் கண்காணிக்கும் கதை அது. கட்டடத்தின் உயரமே அச்சத்தின் ஊற்று. ஆதலால் உயரத்தை வெட்டாத சதுரச் சட்டமே எமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. அகலச் சட்டத்தை விரும்புவோர், கார்ப்பென்டர் அகலத்திரைக்குப் பேர்போனவர் என்று வாதிடுவர். அதையும் புறந்தள்ளுவதற்கில்லை.

‘டூயல்’ படத்தின் சிக்கல் இன்னும் நுட்பமானது. வெளிநாட்டுத் திரையரங்குகளில் வெளியிட 74 நிமிடம் போதாதென்று, பின்னர் புதிய காட்சிகள் எடுத்துச் சேர்க்கப்பட்டன. நாயகன் மனைவியுடன் தொலைபேசியில் பேசுவது, பள்ளிப் பேருந்து நிற்கும் இடம், ரயில்வே கடவு ஆகியவை அவ்வாறு சேர்ந்தவை. படம் தொண்ணூறு நிமிடமாயிற்று, சட்டமும் அகலமாயிற்று. 2014-இல் வந்த புளூ-ரே வட்டில் இடம்பெற்றது இந்த நீண்ட வடிவமே. தொலைக்காட்சிப் படம் என்று புகழப்படும் ஒன்றின் தொலைக்காட்சி வடிவத்தை அவ்வட்டில் காண இயலவில்லை. சேர்த்தவரும் அதே இயக்குநரே ஆதலின் இதனை இடைச்செருகல் என்று ஒதுக்க முடியாது. முதல் இரவு மக்கள் கண்டது இதுவன்று என்பதையும் மறுக்க முடியாது. இதே படத்தில், தொலைபேசிக் கூண்டின் கண்ணாடியில் இயக்குநரின் உருவம் தெரியும் ஒரு பிழை உண்டு. பழைய பெட்டியின் மங்கலில் அதைக் கண்டோர் மிகச் சிலரே. படம் தெளியத் தெளியப் பிழையும் தெளிவாகிறது. அதை அழிப்பது கணினிக்கு எளிது. அழித்தால் அது 1971-ஆம் ஆண்டின் படமாக இராது என்பதே எம் நிலை.

படச்சுருளுக்கே உரிய மணித்தன்மையைப் பற்றியும் இவ்வாறே கூறலாம். அதனை அழுக்கென்று எண்ணித் துடைத்தெறிந்தால் முகங்கள் மெழுகுப் பொம்மைகளாகிவிடும். திரையரங்கப் படங்களில் இது நேர்ந்திருக்கிறது. 2024-இல் ‘ஏலியன்ஸ்’, ‘ட்ரூ லைஸ்’ ஆகியவற்றின் 4கே வட்டுகள் இக்காரணத்தாலேயே கண்டனத்துக்கு ஆளாயின. விளம்பர இடைவேளைக்காகப் படம் இருண்டு மீளும் இடங்களையும் சிலர் தேவையற்றவை என்பர். விளம்பரம் போய்விட்டது, இருள் மட்டும் நிற்கிறது. ஆனால் ஒவ்வோர் இருளுக்கும் முன்னே ஓர் உச்சத்தை வைத்தே அன்றைய திரைக்கதை பின்னப்பட்டது. இருளை நீக்கினால் பின்னல் குலையும்.

பொருள் இருந்தும், கருவி இருந்தும், உரிமைச் சிக்கலால் வெளிவராத படங்களும் உண்டு. மேலே சுட்டிய நைஜல் நீல், சூசன் ஹில்லின் புதினத்தைத் தழுவி எழுதிய ‘தி உமன் இன் பிளாக்’ அத்தகையது. இங்கிலாந்தின் ஐடிவி அதை 1989 டிசம்பர் 24 அன்று ஒளிபரப்பியது. பார்த்தவர்கள் பல்லாண்டு அதைப் பற்றிப் பேசினர்; பார்க்க விரும்பியவர்க்கோ பழைய நாடாக்களும், எளிதில் கிட்டாத பழைய வட்டும் அன்றி வேறு வழியில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 2020-இல், நெட்வொர்க் என்னும் சிறிய நிறுவனம் அதைச் சீரமைத்துப் புளூ-ரே வட்டாகத் தந்தது. ‘தி ரோடு’ இழந்த எழுத்தாளரின் ஒரு படைப்பேனும் முழு ஒளியுடன் மீண்டது. நெட்வொர்க் நிறுவனம் 2023-இல் மூடப்பட்டுவிட்டது.